நேரில் சார்வு

பணி ஆணையில் என் பதவி
இளநிலைக் கட்டளை நிறைவேற்றுநர்.
சொல்லி முடிப்பதற்குள் கதவைச் சாத்திவிடுவார்கள்.
அமீனா என்றால் திறக்கவே மாட்டார்கள்.
வண்டிப்பாளையத்தில் ஒருத்தி மட்டும்
"முஸ்லிம் பொண்ணா நீ, பொட்டு வச்சிருக்க" என்றாள்.
என் பெயர் பொற்கலை என்று சொல்லி
கொடுத்த மோரைக் குடித்துவிட்டு
கடன் பத்திர வழக்கின் தாளை நீட்டினேன்.
டம்ளரை மட்டும் வெடுக்கென வாங்கிக்கொண்டாள்.

அசல் வழக்கு எண் இருநூற்றுப் பதினான்கு.
வாதி சிவக்கொழுந்து, பிரதிவாதி பாடலீசன்.
இருவருக்கும் தகப்பன் பெயர் ஒன்று.
வாதிக்குப் புதிய கதவு எண், பிரதிவாதிக்குப் பழைய எண்,
திருப்பாதிரிப்புலியூரில் வீடு ஒன்றுதான்.
சொத்து விவரம்:
மேற்படி வீட்டின் வடபுறச் சுவரை ஒட்டிய சந்து,
கிழமேல் நாற்பத்திரண்டடி, தென்வடல் ஒன்றரையடி.
அதில் பிரதிவாதி சைக்கிள் நிறுத்தாதிருக்க
நிரந்தர உறுத்துக்கட்டளை வேண்டி.

முதல் நாள் பின்கட்டு பூட்டு.
இரண்டாம் நாளும் பூட்டு.
"சிப்காட்ல ஷிப்டு" என்று
முன்கட்டிலிருந்து வாதியே எட்டிப் பார்த்துச் சொன்னார்.
"கூடப்பொறந்தவன்தானேம்மா, வயசு வந்த ஆம்பள,
நான் வாங்கிக்கிட்டா செல்லாதா?"
தெரிந்து கேட்டாரா, தெரியாமலா.
உடன் வசிக்கும் குடும்பத்தார் கையில் கொடுக்கலாம்
என்றுதான் சட்டமும் சொல்கிறது.
வழக்குப் போட்டவரே கை நீட்டும் நாளை
எழுதியவர் யோசித்திருக்க மாட்டார்.
"நீங்க வாதிங்க" என்றேன்.
"ஆமா இல்ல" என்றார்.

கதவில் ஒட்டிவிட்டு வந்திருக்கலாம்.
பசை டப்பா பையில்தான் இருந்தது.
இரண்டு சாட்சி வேண்டும்,
எதிர்வீட்டு டெய்லர் ஒருவர்,
இன்னொருவருக்கு நான் எங்கே போவேன்.

மூன்றாம் நாள் காலை ஆறே காலுக்குப் போனேன்.
அந்தச் சந்தில் நேராக நடக்க முடியாது.
தோளைத் திருப்பி, பையை நெஞ்சோடு பிடித்து
ஒருக்களித்துப் போகையில்
சைக்கிள் ஹாண்டில் புடவையைப் பிடித்துக்கொண்டது.
வழக்கில் விஷயம் இருக்கிறது என்று நினைத்தேன்.
அதை நினைப்பது என் வேலையில்லை.

பாடலீசன் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.
சட்டையில் கம்பெனி மருந்து வாடை.
வாங்க மாட்டேன் என்பவர்கள் உண்டு, கிழித்தவர்கள் உண்டு,
ஒருவர் என் கண் முன்னால் கெடிலத்தில் எறிந்தார்.
இவர் கையைத் துடைத்து வாங்கிக்கொண்டு
துவைக்கிற கல்லில் உட்கார்ந்து படித்தார்.
பிராது நகல் எட்டுப் பக்கம்,
உதடு அசைய, ஒரு மேற்படியும் விடாமல்.
முன்கட்டில் மிக்ஸி ஓடி நின்றது.
"ஏழு வருஷமா ஒரு வார்த்த கெடையாது" என்றார்,
"இப்ப எட்டுப் பக்கம் பேசியிருக்கான்."
அப்புறம் ஐந்தாம் பாராவில் விரலை வைத்து,
"இந்த சைக்கிள வாங்கிக் குடுத்ததே அவன்தான்.
அத எழுதல பாருங்க."
எதிர்வழக்குரையில் எழுதச் சொன்னேன்.
வேறென்ன சொல்ல.
கையெழுத்தைப் பார்த்துப் பார்த்துப் போட்டார்.

நேரில் சார்வு செய்யப்பட்டது, ஒப்பம் பெறப்பட்டது
என்று நாசர் முன் உறுதி சொன்னேன்.
நேரம் எழுத இடமிருந்தது, எழுதினேன்.

வாய்தா அன்று மஞ்சக்குப்பத்தில் நல்ல மழை.
டவாலி மூன்று முறை கூப்பிட்டார்.
பாடலீசன், பாடலீசன்,
மூன்றாவதில் பாதி இருமலில் போயிற்று.
வரவில்லையென்றால் எக்ஸ்பார்ட்டி,
வாதியின் வக்கீல் அதற்குள் பாதி எழுந்திருந்தார்.
கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்,
"வந்துக்கிட்டிருக்கான் ஐயா. நைட் ஷிப்டு.
பஸ் கெடச்சிருக்காது."
வக்கீல் திரும்பி முறைத்தது
தன் கட்சிக்காரரைத்தான்.
சிவக்கொழுந்து குனிந்து
ஈரக் குடையின் பட்டனைத் தேடிக்கொண்டிருந்தார்.

முழுக்க இருந்து பார்க்க எனக்கு நேரமில்லை.
தேவனாம்பட்டினத்தில் ஒரு படகுக் கடன்,
பிரதிவாதி கடலில் இருப்பதாகத் தகவல்.
எப்போது கரையேறுவார் என்று யாரும் சொல்லவில்லை.
இந்த மழையில் பசையும் பிடிக்காது.